வீட்டில் இரண்டு இருமல்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் நான். எழுதினால் முகம் தெரியாது என்ற தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மறதியும் உண்டு. எந்த வருஷம் என்று கேட்டால், வெள்ளைக்காரன் சண்டை நடந்த காலம், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் என்றுதான் சொல்லத் தெரியும். முன்னது பின்னதாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வீட்டில் கேட்ட இருமலை மட்டும் நான் மறக்கவில்லை.

நான் பிறந்தது திண்டிவனம். வாழப் போனது விழுப்புரம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், இன்ஜின் புகை படிந்து வெள்ளைத் துணி வெள்ளையாகவே காயாத தெருவில் எங்கள் வீடு. என் மச்சாண்டார், அதாவது வீட்டுக்காரருக்கு அண்ணன், லோகோ ஷெட்டில் இன்ஜினுக்குச் சாம்பல் தள்ளும் வேலை. என் வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தைப்பார். மாமனார் மாமியார் நான் போவதற்கு முன்பே போய்விட்டார்கள். வீட்டை நடத்தியது நாத்தனார்தான். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் தம்பிகளோடு வந்து இருந்தவர். அண்ணி என்று கூப்பிடுவோம். மல்லாட்டை காலத்தில் கிடங்குக்குப் போய்த் தோல் உரித்துப் புடைத்துவிட்டு வருவார். தலை, புருவம் எல்லாம் சிவப்புத் தோல் ஒட்டியிருக்கும். வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவார். தூசி இருமல். அந்தத் தெருவில் கிடங்குக்குப் போகிற எல்லோருக்கும் இருந்தது.

மச்சாண்டார் பெண்சாதி எனக்கு ஓரகத்தி. ஆனால் அக்கா என்றே கூப்பிட்டேன். கூடப் பிறந்தவள் போலத்தான் இருந்தாள். அவளுக்கு அப்படி ஒரு முடி. பின்னினால் என் மணிக்கட்டு மொத்தம் இருக்கும், இடுப்புக்குக் கீழே தொங்கும். நாத்தனார் கிண்டல் பண்ணுவார்.

"இன்னாடி இது, நீ துன்ற சோத்துல பாதி மயிருக்கே போவுது. உடம்புக்கு எங்க ஒட்டும்?"

"நீங்க வேணா பாதி வெட்டிக்கினு போங்க அண்ணி, சவுரி கட்டிக்கலாம்."

"எனக்கு எதுக்குடி சவுரி? எவன் பாக்கப் போறான்?" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை. நடக்க ஆரம்பித்து, சுவர் சுவராகத் தட்டிக்கொண்டு போகும். தாய்ப்பால் இன்னும் மறக்கவில்லை.

ஒரு ஆடி மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டும் இருமல் விடவில்லை. வறட்டு இருமல். கன்னம் ஒட்டிப்போனது. மச்சாண்டார் ரயில்வே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் முதுகில் தட்டிப் பார்த்தாராம், குழல் வைத்துக் கேட்டாராம். எதற்கும் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிடு என்று சொல்லிவிட்டார். திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அந்த மிஷின் வந்திருந்தது.

நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை.

"சும்மா பொட்டோ புடிச்சாலே ஆயுசு கொறையும்பாங்க. இது தோலுக்குள்ள பூந்து எலும்பப் புடிக்கிற பொட்டோவாம். செத்த பெறவு வெளிய வர வேண்டிய எலும்ப உசுரோட இருக்க சொல்லவே பாக்கணுமா?"

"டாக்டரு சொல்றாருக்கா," என்றார் மச்சாண்டார்.

"டாக்டருக்கு இன்னா பேஜாரு? பொட்டோ அவரு பொஞ்சாதிக்கா எடுக்கறாங்க?"

ஊர் பழகியவள் என்று என்னையும் துணைக்கு அனுப்பினார்கள். அப்போது நானும் மாசமாக இருந்தேன். பாசஞ்சர் வண்டியில் போனோம். அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே வந்தாள். முண்டியம்பாக்கம் தாண்டியதும் என்னிடம் குனிந்து, "உள்ள இருக்கறதுலாம் தெரியும்னா, நெனைக்கறதும் தெரியுமாடி?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த அறைக்குப் பின்பக்கம் ஒரு ஆயில் இன்ஜின் வைத்து அதிலிருந்து கரண்டு எடுத்தார்கள். அது ஓட ஆரம்பித்தால் சுவரெல்லாம் அதிரும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். நர்சம்மா வந்து, உடம்பில் உலோகம் ஒன்றும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் கழற்று என்றாள். கம்மல், மூக்குத்தி, வளையல் கழற்றி என் மடியில் போட்டாள் அக்கா. கடைசியில் நர்சம்மா கழுத்தைக் காட்டினாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாசலில் நின்ற மச்சாண்டாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். தாலியைக் கழற்றச் சொன்னால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது? நர்சம்மாவுக்கு இது தினமும் நடக்கிறது போலிருக்கிறது. ஒரு டப்பாவிலிருந்து மஞ்சள் கிழங்கும் நூலும் எடுத்துக் கொடுத்து, "இத கட்டிக்கிட்டு அத கழட்டுங்க. சாமி ஒண்ணும் கோவிக்காது," என்றாள். கிழங்கு கட்டிய கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் தாலியைக் கழற்றினாள். என் உள்ளங்கையில் அது அவள் உடம்புச் சூட்டோடு இருந்தது. குழந்தையை ஒரு கையிலும் தாலியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். வேறொரு அறையில் பிரசவ வலியில் யாரோ கத்த, நர்சம்மா அங்கே ஓடிவிட்டாள். படம் எடுக்கிற ஆள் மட்டும் உள்ளே இருந்தார். கதவு சாத்தினார்கள். இன்ஜின் முக்கியது. குழந்தை என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

படம் கழுவிக் காய மத்தியானம் ஆயிற்று. டாக்டரம்மா கண்ணாடி போட்ட பெண்பிள்ளை. அதிகம் பேசமாட்டார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நான் அதுவரை பார்த்ததெல்லாம் கோயில் திருவிழாவில் எடுக்கிற பொட்டோதான். இதில் முகம் இல்லை. கூண்டு போல விலா எலும்பு, கூண்டுக்குள் இருட்டு. அக்காவின் உடம்பு அது என்று நம்பவே முடியவில்லை.

"கறுப்பா இருக்கறது நல்ல நுரையீரல். காத்து இருக்கற இடம்," என்றார் டாக்டரம்மா. விரல் மேலே போயிற்று. வலது பக்கம், தோளுக்குக் கீழே நின்றது. "இங்க வெளுத்துக் கெடக்கு பாருங்க."

புகைந்த திரி போல ஒரு நிழல் அங்கே இருந்தது.

மச்சாண்டார் தொண்டையைக் கனைத்தார். "டாக்டரம்மா, அந்த மஞ்சக் கெழங்கு நெழலா இருக்குமாங்க?"

"கிழங்கு நடு மார்புல இருந்துச்சு. இது அங்க இல்ல. நோய் மொதல்ல புடிக்கறதும் இந்த எடத்தைத்தான்." படத்தைக் கீழே இறக்கினார். "இன்னொரு படம் எடுத்தா நிச்சயமாச் சொல்லலாம். ஆனா ஃபிலிம் இல்ல. வர்றதெல்லாம் சண்டைக்குப் போகுது. கோழையும் வரலேங்கறாங்க. க்ஷயம்னு வெச்சுக்கிட்டு நடந்துக்கறதுதான் நல்லது."

க்ஷயம் என்ற வார்த்தை எங்களுக்குப் புரியும். எங்கள் பக்கம் எலும்புருக்கி என்பார்கள். எங்கள் சித்தப்பா வீட்டில் அது புகுந்து வரிசையாக மூன்று பேரை எடுத்துக்கொண்டு போயிற்று.

"குழந்தை எங்க?" என்றார் டாக்டரம்மா.

பசியில் அது எப்போதோ என்னிடமிருந்து நழுவி, பெஞ்சில் இருந்த அக்காவிடம் போய்ப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"அந்தக் குழந்தைய வாங்கு. இனிமே பால் குடுக்கக் கூடாது. பக்கத்துலயே விடக் கூடாது."

நான்தான் வாங்கினேன். வாயில் பால் ஒழுக அது என்னைப் பார்த்து வீறிட்டது. அக்கா அழவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, நகரவே கூடாது என்று யாரோ சொன்னது போல அப்படியே உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது அவள் ஒரு பெட்டியில், நாங்கள் ஒரு பெட்டியில் ஏறினோம்.

வீட்டு வாசலில் நாத்தனார் நின்றிருந்தார். மச்சாண்டார் சொன்னதைக் கேட்டார். கையை நீட்டினார்.

"புள்ளைய எங்கிட்ட குடு. இவ சின்னப் பொண்ணு, வயித்துல ஒண்ணு வெச்சிக்கினு இருக்கறா, இவளுக்கு வேணாம். நான் பாத்துக்கறேன். எனக்குன்னு யாரு இருக்கறா?"

எல்லோருக்கும் மனசு இறங்கியது. அதைவிட நல்ல இடம் அந்தக் குழந்தைக்கு ஏது என்று நானும் நினைத்தேன்.

அக்காவுக்குக் கொல்லையில் இருந்த விறகுக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தோம். தனித் தட்டு, தனிக் குவளை. பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை வைத்து மார்பை இறுக்கிக் கட்டிவிட்டார் நாத்தனார். பூ வாடி வாடிக் கொட்டகையெல்லாம் வாசனை. கல்யாண வீட்டு வாசனை அது. இன்றைக்கும் யாராவது மல்லிகை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தால் எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வருகிறது. படத்தைப் பழுப்புக் காகித உறையில் போட்டுக் கூடத்தில் ஆணியில் மாட்டினார் மச்சாண்டார். வீட்டில் சாமி படத்துக்கு அடுத்து அதுதான் பெரியது. யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் யாரும் அதன் அடியில் உட்காரவும் இல்லை.

முதலில் குழந்தை கொல்லைக் கதவைத் தட்டித் தட்டி அழுதது. பிறகு நாத்தனாரிடம் ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் தரையில் விட்டதே இல்லை. இடுப்பிலேயே இருக்கும், மார்பிலேயே தூங்கும். அதற்குப் பல் சரியாக வரவில்லை என்று மல்லாட்டையை அவர் மென்று, விழுதாக்கி, விரலில் எடுத்து வாயில் ஊட்டுவார். கேப்பைக் களியையும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு ஊட்டுவது அப்படித்தான். எனக்கும் என் அம்மா அப்படித்தான் ஊட்டியிருப்பாள்.

"பாரு, எம்மா ஆசயா துன்றா. உங்கம்மாளுக்கு மயிரு, எனக்கு பல்லு. சாமி ஆளுக்கு ஒண்ணு குடுத்துக்கறாரு," என்று கொல்லைப்பக்கம் கேட்கும்படி சொல்வார் நாத்தனார்.

கொட்டகையிலிருந்து அக்கா சொல்வாள், "பல்லு இருக்குதுன்னு புள்ளைய முழுங்கிடாதீங்க அண்ணி."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அப்போது எல்லோரும் சிரித்தோம்.

வீட்டில் இரண்டு இருமல் இருந்தது. கொல்லையிலிருந்து ஒன்று வந்தால் நான் என் வயிற்றை மூடிக்கொண்டு எழுந்து போவேன். கூடத்திலிருந்து ஒன்று வந்தால், அண்ணி எழுந்துவிட்டார், உலை வைக்க நேரமாயிற்று என்று எழுந்திருப்பேன். ஒன்று சாவு. இன்னொன்று பொழுது விடிந்ததற்கு அடையாளம். மல்லாட்டை காலம் முடிந்தது. கிடங்குக் கதவை மூடினார்கள். தெருவில் மற்றவர்களுக்கெல்லாம் இருமல் நின்றது. நாத்தனாருக்கு நிற்கவில்லை. அது என் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. யார் மனசிலும் விழவில்லை.

கொல்லையில் இருந்த அக்காவுக்கோ ஒரு மாதத்திலேயே இருமல் குறைந்துவிட்டது. தனியாக உட்கார வைத்து முட்டையும் கஞ்சியும் கொடுத்ததில் கன்னத்தில் சதைகூடப் போட்டது. உள்ளே ஒளிந்துகொண்டு இருக்கிறது, அப்படித்தான் காட்டும், பிறகு தூக்கிவிடும் என்றார்கள் தெருவில்.

குழந்தைதான் இளைத்தது. கை கால் குச்சியாகி வயிறு முன்னே வந்தது. தூங்கும்போது தலை வியர்த்துப் பாய் நனையும். சவலை என்றோம். பால் மறக்கடித்த பிள்ளை ஏங்கி இளைப்பதற்கு அதுதானே பெயர்? பிறகு கழுத்தோரம் உருண்டை உருண்டையாக நெறி கட்டியது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டோம். போட்ட இடம் காய்ந்து உதிரும். உருண்டை அப்படியே இருக்கும்.

மச்சாண்டார் மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பெண்சாதி பிழைத்தால் அவள் முடியைக் கொடுத்துவிடுவதாக. பிழைத்த பிறகு கொடுக்கக் கூடாதா என்று அக்கா கேட்கவில்லை. முன்னாலேயே கொடுத்துவிடுகிறேன், அம்மனுக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்றாள். போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். அத்தனை முடியும் போய், காது பெரிதாகத் தெரிய, வாசலில் நின்றாள். கிண்டல் பண்ணப் போகிறார் என்று நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். "மயிரு போனா போவுது. உசுரு நிக்கட்டும்," என்றார்.

எனக்கு வளைகாப்புப் போட்டுத் திண்டிவனம் அழைத்துப் போய்விட்டார்கள். தை கடைசியில் ஃபிலிம் வந்திருக்கிறதாகச் சொல்லி அனுப்பினார்கள். அக்கா வருகிறாள் என்று தெரிந்து நானும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்து போனேன். மச்சாண்டார், அக்கா, நாத்தனார் மூன்று பேரும் வந்திருந்தார்கள். குழந்தை நாத்தனாரை விட்டு இறங்காததால் அவரும் வர வேண்டியதாயிற்று. கொஞ்சம் தள்ளி, வராந்தா கோடியில் உட்கார்ந்திருந்தார்.

மறுபடியும் மஞ்சள் கிழங்கு, மறுபடியும் இன்ஜின் சத்தம். படம் காய்ந்து வந்தது. டாக்டரம்மா பார்த்தார். பழைய படத்தை உறையிலிருந்து எடுக்கச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஜன்னலில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். புதுப் படத்தில் வலது பக்கமும் இடது பக்கம் போலவே கறுப்பாக இருந்தது. அது எனக்கே தெரிந்தது.

"அம்மன் கண்ணத் தொறந்துட்டா," என்றார் மச்சாண்டார். கை கூப்பினார்.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. பழைய படத்தில் அந்த நிழலை விரலால் கீழிருந்து மேலாகத் தடவிக்கொண்டே போனார். நிழல் தோளெலும்போடு நிற்கவில்லை. எலும்பைத் தாண்டிக் கழுத்தோரமாக மேலே போயிற்று. நெஞ்சு முடிந்த பிறகும் போயிற்று.

"ஏம்மா," என்று அக்காவைக் கேட்டார், "அன்னிக்கு உங்க தலைமுடி எங்க இருந்துச்சு?"

அக்காவுக்கு விளங்கவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லவே கூச்சப்பட்டாள்.

"ரவிக்கய கழட்டச் சொன்னாங்க... அந்த ஆளு ஆம்பள... நர்சம்மாவும் இல்ல. வெக்கமா இருந்துச்சிங்க. சடைய முன்னால இழுத்து வுட்டுக்கினேன்."

எண்ணெய் தடவிப் பின்னிய சடை அது. முறுக்கிக்கொண்டு மார்பில் கிடந்திருக்கிறது. சொன்ன பிறகு பார்த்தால் பின்னலின் முறுக்குகூடத் தெரிந்தது. அதைத்தான் இத்தனை மாதமாகச் சாமிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தோம்.

"நாங்க பாத்திருக்கணும்," என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

மச்சாண்டார் சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத சத்தம். அக்கா மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "அப்ப புள்ளைய தூக்கலாமுங்களா?" என்றாள். எங்கள் மூன்று பேருக்கும் உயிர் வந்தது போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் வராந்தா கோடியில் நாத்தனார் இருமினார்.

டாக்டரம்மா தலையைத் தூக்கினார். "அது யாரு இருமறது?"

"எங்க அக்காங்க. அது மல்லாட்டை தூசி இருமலுங்க. ரொம்ப வருசமா இருக்குது," என்றார் மச்சாண்டார், சிரித்த முகத்தோடு.

"மடியில யாரு?"

பதில் சொல்லுவதற்குள் டாக்டரம்மா எழுந்து அங்கே போய்விட்டார். குழந்தையின் சட்டையைத் தூக்கினார். கழுத்தைத் தடவினார். பத்துப் போட்ட சுண்ணாம்பு அவர் விரலில் வந்தது. "ஃபிலிம் ஒண்ணு எடு," என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

குழந்தையைப் படம் எடுக்க யாராவது அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நாத்தனார் எழுந்தார். டாக்டரம்மா அவரைத் தடுத்து, அக்காவைக் கூப்பிட்டார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அக்கா தன் பிள்ளையைத் தொட்டது அப்போதுதான், அந்தக் கறுப்புத் துணி அடித்த அறையில். குழந்தைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. மொட்டைத் தலையைப் பார்த்துப் பயந்து, கதவுப்பக்கம் கையை நீட்டி நாத்தனாரைக் கூப்பிட்டு அழுதது. இன்ஜின் சத்தத்துக்கு மேலே அந்த அழுகை கேட்டது.

அந்தப் படம் சின்னது. கோழிக்குஞ்சு எலும்பு மாதிரி விலா. அதற்கு இரண்டு பக்கமும் பெரிய எலும்புகள், பட்டையாக, வளைந்து. முதலில் எனக்கு என்னவென்று புரியவில்லை. அக்காவின் விரல்கள் அவை. பிள்ளையை விடாமல் பிடித்த விரல்கள் அப்படியே விழுந்திருந்தன. நடுவில், நெஞ்சுக்கூட்டுக்குள், இருதயத்தின் ஓரத்தில், பஞ்சு வைத்து அடைத்தது போல வெள்ளை.

"இது சடை இல்ல," என்றார் டாக்டரம்மா. மெதுவாகத்தான் சொன்னார்.

நாத்தனாரையும் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வேணாம். உள்ள இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியும். தூசி. ஊருக்கே தூசி." கோழையைத் துப்பச் சொன்னார்கள்; அதற்கு மட்டும் சம்மதித்தார். சாயங்காலம் டாக்டரம்மா வந்து, படம் தேவையில்லை, கோழையிலேயே கிருமி நிறைய இருக்கிறது என்றார். நாத்தனார் தன் உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். உதடு சிவந்துபோகிற வரைக்கும் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"நான் மென்னு மென்னு குடுத்தனே, அதுலதான் வந்துச்சா?"

டாக்டரம்மா சொன்னார், "ஒரே வீட்டுல இருந்திருக்கீங்க. முன்னாலயே வந்திருக்கலாம், பின்னாலயும் வந்திருக்கலாம். அத படம் சொல்லாது."

ஸ்டேஷனில் யாரும் சொல்லாமலே நாத்தனார் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

அவர் விழுப்புரம் வீட்டுக்கு வரவே இல்லை. காணை கிராமத்துப் பக்கம் சொந்தக்காரர் நிலத்தில் மல்லாட்டைக்குக் காவல் இருக்கிற குடிசை ஒன்று இருந்தது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். குழந்தையை அக்கா வாங்கிக்கொண்டாள். மீன் எண்ணெய், முட்டை, வெயில், டாக்டரம்மா சொன்னதெல்லாம் செய்தாள். அப்போது அதற்கு மருந்து என்று ஒன்றும் வந்திருக்கவில்லை. குழந்தை அவளிடம் பழகியது, அம்மா என்று மறுபடியும் சொன்னது என்றார்கள். நான் பார்க்கவில்லை, எனக்குப் பிள்ளை பிறந்து தீட்டில் இருந்தேன். பங்குனியில் காய்ச்சல் கண்டு, கழுத்து பின்னால் வளைந்து, யாரையும் பார்க்காத கண்ணோடு சில நாள் கிடந்து, போய்விட்டது. என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். சொல்லும்போது தொட்டில் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

நான் கைப்பிள்ளையோடு விழுப்புரம் திரும்பியபோது அக்காவுக்கு முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. என் பிள்ளையைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நின்று பார்த்தாள். தூக்குக்கா, உனக்குத்தான் ஒன்றும் இல்லையே என்றேன். "இருக்கட்டும்டி," என்றாள்.

நாத்தனார் அடுத்த மழைக்காலம் வரைக்கும் இருந்தார். அதுவரைக்கும் அக்காதான் குடிசைக்குக் கஞ்சி கொண்டுபோனாள். வரப்பில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். அவர் வந்து எடுத்துக்கொள்வார். பிள்ளையைக் கொன்றவளுக்குக் கஞ்சியா என்று தெருவில் ஒருத்தி கேட்டாள். அக்கா சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "எம் புள்ளைய அவங்க பறிச்சிக்கினு போவல. நாங்கதான் இடுப்புல வெச்சி வுட்டோம்."

அதற்குப் பிறகு அக்காவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். முடியும் வளர்ந்தது, பழையபடி இல்லாவிட்டாலும். ஆனால் சாகும் வரைக்கும் அவள் சடை பின்னவில்லை. சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டாள். பழைய படங்கள் இரண்டும் என்ன ஆயிற்று என்று தெரியாது. அந்தச் சின்னப் படம் மட்டும் அவள் பெட்டியில் இருந்தது. ஒரு நாள் நான் போனபோது அதை ஜன்னலில் வைத்து, படத்தில் இருந்த விரல்களின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

போன மாதம் எனக்குச் சளி கட்டியது என்று நெஞ்சுக்குப் படம் எடுக்கக் கூட்டிப் போனார்கள். உள்ளே இருந்தது ஒரு சின்னப் பெண். ஒரு சத்தமும் இல்லாத மிஷின். அவள் முதல் காரியமாக, "முடிய மேல தூக்கிக் கட்டிக்கோங்கம்மா, படத்துல விழும்," என்றாள். எனக்கு இருப்பது எலிவால் மாதிரி ஒரு பின்னல். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். எனக்கு மூச்சு நிற்கவில்லை. அவள் மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்துதான் இதை எழுத ஆரம்பித்தேன்.

படித்தவர்கள் யாராவது இதைச் சரிபார்க்க வேண்டும். மொட்டை போட்டது மார்கழியா, அதற்கு முன்பா என்பது எனக்கு நிச்சயமில்லை. நிழல் வலது பக்கம்தான் என்று நினைக்கிறேன். படத்தில் பக்கம் மாறித் தெரியும் என்கிறார்கள், அதுவும் எனக்குத் தெரியாது. இதிலெல்லாம் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்தக் குழந்தை முதலிலிருந்தே அதே வீட்டில்தான் இருந்தது, அதே கூடத்தில்தான் தூங்கியது. நாங்கள் அன்றைக்கு அதைத் தாயிடமிருந்து வாங்காமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா, அல்லது அதற்கு முன்பே அந்த வெள்ளை அதன் நெஞ்சில் விழுந்திருந்ததா? டாக்டரம்மா படம் சொல்லாது என்றார். இப்போதுள்ள படங்கள் அதைச் சொல்லுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.